செத்த ரயிலைப் பார்க்க வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஜன்னல் கம்பிகளைத் துடைக்கப் பழைய துணி தேடினேன். பீரோவின் அடித்தட்டில், பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளுக்குக் கீழே, அந்த மஞ்சள் துப்பட்டா மடித்தபடி கிடந்தது. விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் கடுகளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். என்ஜினிலிருந்து பறந்து வந்த பொறி விழுந்து பொசுக்கிய இடம். "பாருடி, ரயிலு உன்னக் கடிச்சிட்சி" என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னது காதருகே கேட்டது. தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாப்பா விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து, "என்னம்மா?" என்றாள். மூன்று வயதுப் பிள்ளையிடம் எங்கேயிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு போர்வையுமாக நான் இருங்காட்டுக்கோட்டையில் வந்து இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புகிற கம்பெனியில் வேலை. உங்கள் வீட்டின் பின்பக்கம் வரிசையாக ஆறு அறைகள். மூன்றாவது அறை எனக்கும் சங்கரன்கோவில் முத்துமாரிக்கும். நீங்கள் ஒரு நாள்கூட கம்பெனி கேட்டுக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் பன்னிரண்டு பெண்களில் யாருக்கு எந்த ஷிப்ட், யார் ஓ.டி. பார்க்கிறாள், எவளுடைய சூப்பர்வைசர் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. காலையில் கதவைத் தட்டுவீர்கள். "ஏ ஷிப்டு எல்லாம் எழுந்துக்கோங்க! பஸ்ஸு வந்துடும்!" சாயங்காலம் நாங்கள் வந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, இன்னிக்கு லைன்ல ஆளு கம்மியா? மூஞ்சி தொங்குது" என்பீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு அம்மை போட்ட வருஷம் நினைவிருக்கிறதா? ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று பக்கத்து அறைப் பெண்கள் சொன்னார்கள். நீங்களோ என் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டு முன்னறையில் விரித்தீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அங்கேதான் கிடந்தேன். தினமும் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி சீரியலில் வரும் மாமியாரைத் திட்டுவீர்கள். அந்தப் பதினைந்து நாளில் உங்கள்மேல் எனக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த உரிமைதான் காரணம்.

எனக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானதும் முதல் சேதி உங்களுக்குத்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். "வராம எங்கடி போவேன்? உங்க அம்மா பக்கத்துல பட்டுப்பொடவ கட்டிகினு நிக்கறேன் பாரு."

அதற்கப்புறம் நாள் நெருங்க நெருங்க உங்கள் பேச்சு மாறியது. முதலில் மாடு. "கண்ணு போடற நேரம்மா, யாரு பாத்துக்குவாங்க?" பிறகு முட்டி வலி. பிறகு உங்கள் மகன் தயாளனுக்குக் கம்பெனி பஸ் டியூட்டி, சோறு போட ஆள் இல்லை. தயாளன் அண்ணனோ, "நான் ஓட்டல்ல துன்னுக்கிறேம்மா, நீ போய்ட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரயிலில் டிக்கெட் போட்டுவிடுகிறேன், படுத்துக்கொண்டே வரலாம் என்று நான் சொன்னபோது உங்கள் முகம் சுருங்கியது. "அதெல்லாம் ஒண்ணும் போடாத" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அப்பா இல்லாத வீடு, கல்யாணத்தில் என் பக்கம் நிற்க ஆட்கள் குறைவு. எத்தனையோ பெண்கள் வந்து தங்கிப் போகிறார்கள், அதில் நானும் ஒருத்தி, அவ்வளவுதானோ என்று நினைத்துக்கொண்டேன். நான்கு நாள் உங்களிடம் பேசவில்லை. குழாயடியில் நீங்கள் நின்றால் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பேன். நீங்களும் கூப்பிடவில்லை.

இதைப் பார்த்துச் சகிக்க முடியாமல்தான் முத்துமாரி அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைப் போட்டாள். எங்கள் லைனில் மிஷின் சர்வீஸுக்காக அன்றைக்கு லீவு விட்டிருந்தார்கள். சென்னையின் வடக்குப் பக்கம் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய நீராவி என்ஜின்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ போனில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். "மூணு பேரும் போவோம். பஸ்லயே போயிரலாம்" என்று உங்களிடம் வந்து சொன்னாள். நீங்கள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டீர்கள்.

"செத்த காலேஜு மாரியா?"

நாங்கள் விழித்தோம். அந்தக் காலத்தில் மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிச் சாலையை உயிர்க் காலேஜ் என்றும் சொல்வார்கள் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள்.

"அதேதான்க்கா. எல்லாம் செத்த ரயிலு" என்றாள் முத்துமாரி.

"ஓடாதே?"

"ஓடாதுக்கா."

"அப்ப வரேன்."

பூந்தமல்லி போய் பஸ் மாறிப் போனோம். நான் உங்களோடு பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எங்கள் இருவர் மடியிலும் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை வைத்தீர்கள். என்னுடையதில் மட்டும் இரண்டு வற்றல் கூடுதலாக இருந்தது. அதற்கும் நான் பேசவில்லை.

உள்ளே போனதும் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். பழைய டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தீர்கள். மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, "இது ஏமாத்துது, நான் இவ்ளோ கனமா?" என்று காவலாளியிடம் சண்டை போட்டீர்கள். வெளியே மரத்தடியில் கறுப்பாகப் பெரிய என்ஜின் ஒன்று நின்றது. அதன் சக்கரத்தோடு முதுகை ஒட்டி நின்று, "எங்க வருது பாரு" என்றீர்கள். சக்கரம் உங்கள் உச்சந்தலையைத் தாண்டிப் போயிருந்தது. முத்துமாரி போட்டோ எடுத்தாள். போட்டோவில் நீங்கள் ஆணியடித்ததுபோல் விறைப்பாக நிற்கிறீர்கள், கண் மட்டும் சிரிக்கிறது.

அடுத்த ஷெட்டைத் தாண்டித் திரும்பினோம். அங்கே இன்னொரு என்ஜின் நின்றது. இது கொஞ்சம் சின்னது. நீங்கள் சக்கரத்தைத் தொடக் கையை நீட்டிய நேரம், அதன் வயிற்றுக்கடியிலிருந்து உஸ்ஸென்று வெள்ளையாகப் புகை பீறிட்டது. கரிப்புகையும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை எங்கள் மூக்கில் ஏறியது. மூன்றே எட்டில் நீங்கள் எங்கள் இருவருக்கும் பின்னால் போய் நின்றீர்கள்.

"அடியே! செத்துதுன்னு சொன்னீங்களேடி! இது மூச்சு வுட்டுகினு கீது!"

மேலே என்ஜினுக்குள் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் வெள்ளை. "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் உயிர் வரும்மா. இன்னிக்கு உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

"நல்ல அதிர்ஷ்டம்" என்றீர்கள் நீங்கள். குரல் நடுங்கியது. நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன பிளாட்பாரம். அதையொட்டிப் பழைய காலத்து மரப்பெட்டிகள் இரண்டு நின்றன, உள்ளே பலகை பெஞ்சுகள். அவையும் சும்மா பார்வைக்கு வைத்தவை என்றுதான் நினைத்தோம். நானும் முத்துமாரியும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் ஏறவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றீர்கள்.

"வாங்கக்கா, ஒரு படிதான" என்றாள் முத்துமாரி.

"முட்டி வலிக்குதும்மா. நீங்க குந்திகினு இருங்க."

நான்கு நாளாக அடக்கி வைத்திருந்தது எனக்கு வெடித்துவிட்டது. "இங்கயும் முட்டிதானாக்கா? எங்க ஊருக்கு வாரதுக்கும் முட்டி, இதுல ஏறுததுக்கும் முட்டி. இப்பத் தராசுல ஏறும்போது வலிக்கலையா? வர இஷ்டமில்லன்னா வாயத் திறந்து சொல்லிருங்க. நான் ஒண்ணும் அழ மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

நீங்கள் கம்பியை விடாமல் என்னையே பார்த்தீர்கள். பிறகு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னீர்கள்.

"நான் இதுல ஏறனதே இல்லடி."

"எதுல?"

"ரயிலுல. பொறந்ததுலேர்ந்து."

ஐம்பத்து மூன்று வயது உங்களுக்கு. நீங்களே சொல்ல ஆரம்பித்தீர்கள். ஏழு வயதில் அம்மாவோடு வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குப் போனது. அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தைத் தம்பி, கையில் மூட்டை. அம்மா முதலில் ஏறி மூட்டையை வைத்துவிட்டு உங்களைத் தூக்கத் திரும்பினாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அம்மா கதவில் நின்று கத்திக்கொண்டே போனாள். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தோடு நடந்தே அம்மா திரும்பி வரும்வரைக்கும் நின்றீர்கள்.

"ஸ்டேஷன் மாஸ்டரு பன்னு வாங்கிக் குத்தாரு. துன்னல. அத்தக் கையில வெச்சிகினே நின்னேன். நவுந்தா அம்மாவுக்கு எடம் தெரியாதுன்னு" என்றீர்கள். "எங்க வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பஸ்ஸுதான் பிடிக்கும்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டேன். உன் கல்யாணத்துக்கு வரணும்னு எனக்கு எவ்ளோ ஆசன்னு தெரியுமாடி உனக்கு? பஸ்ஸுல வரலாம்னா அத்தாந்தொலவு இந்த முட்டி மெய்யாலுமே தாங்காது."

முத்துமாரி மூக்கை உறிஞ்சினாள். நான் பெட்டியிலிருந்து குதித்து இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்.

"அக்கா, நீங்க மொதல்ல ஏறுங்க. நான் கீழ நிக்கேன். வண்டி போச்சுன்னா நான்தான் நிப்பேன், நீங்க இல்ல. சரியா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், படியைப் பார்த்தீர்கள், முருகா என்றீர்கள். முத்துமாரி உள்ளிருந்து கையைக் கொடுத்தாள். ஒரு கால், மறு கால். ஏறியதும் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று உள்ளே திரும்பிப் பார்த்தீர்கள். "அவ்ளோதானா? வூடு மாரிதான் கீது" என்றீர்கள்.

அந்த நேரத்தில்தான் பெட்டி டம்மென்று குலுங்கியது. மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்த என்ஜின் பின்னோக்கி நகர்ந்து வந்து, முன்பெட்டியில் கோத்துக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டிகள் பார்வைக்கு வைத்தவை அல்ல, ஓடப்போகிறவை என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் நின்ற கார்டு பச்சைக்கொடியை ஆட்டினார். என்ஜின் கூவியது. என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது அக்கா, அப்படி ஒரு சத்தம். பெட்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் நான் நின்றேன்.

நீங்கள் போட்ட கூச்சலில் என்ஜின் சத்தமே அமுங்கிவிட்டது.

"ஏய்! நிறுத்துயா! புள்ள கீழ நிக்குது! நிறுத்து!" பிறகு என்னைப் பார்த்து, "இன்னாடி மரம் மாரி நிக்கற? ஓடியாடி! கையக் குடு!"

வண்டி நடை வேகத்தில்தான் போனது. நான் கூடவே நடந்திருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை, பறந்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். அம்மாடி, என்ன பலம்! நான் உங்கள்மேல் விழுந்தேன், நீங்கள் முத்துமாரிமேல் விழுந்தீர்கள், மூன்று பேருமாகப் பலகை பெஞ்சுக்கு நடுவில் கிடந்தோம். கார்டு பின்னாலிருந்து, "ஓடற வண்டில ஏறக்கூடாதும்மா!" என்று கத்தினார். நீங்கள் கிடந்தபடியே திருப்பிக் கத்தினீர்கள்: "ஆள எண்ணிட்டு வண்டிய எடுக்கணும்யா! அத்தக் கத்துக்கோ மொதல்ல!"

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தீர்கள். "ஏத்திட்டேன்டி. வுடல பாரு. ஏத்திட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உங்கள் ஐந்து விரலும் என் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அதற்கப்புறம் அந்த வண்டியிலிருந்து உங்களை இறக்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. மதில்சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற சின்னத் தூரம். இரண்டாம் சுற்று போனீர்கள். மூன்றாம் சுற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக் கரிப்புகையை முகம் முழுக்க வாங்கிக்கொண்டீர்கள். என் துப்பட்டாவில் பொறி விழுந்தது அப்போதுதான். நான்காம் சுற்றுக்கு, நீங்கள் திட்டித் தீர்த்த அதே கார்டு உங்களைப் பார்த்து, "ஆள எண்ணிட்டேம்மா, போலாமா?" என்று கேட்டார். நீங்கள் பெட்டிக்குள் எழுந்து நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "போலாம்" என்றீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்களைப் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நெற்றியிலும் மூக்கிலும் கரி. துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், தயாளன் பாக்கட்டும்" என்றீர்கள்.

தை மாதம் நீங்கள் வந்தீர்கள். பகல் வண்டியில், முத்துமாரியோடு. கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு அம்மாவும் நானும் வந்திருந்தோம். கல்யாணப்பெண் இப்படி வெளியே வரக்கூடாது என்று அத்தைமார் தடுத்தும் கேட்காமல் வந்தேன். வண்டி நின்றதும் முதலில் முத்துமாரிதான் இறங்கினாள், அலுத்துப்போன முகத்தோடு. "ஏட்டி, இந்த அக்காவக் கூட்டிட்டு வந்து என் மானமே போச்சு. தாம்பரத்துல ஆரம்பிச்சு ஒரு ஸ்டேஷன் விடாம, பிளாட்பாரத்துல நிக்கிற அத்தன பேருக்கும் கை காட்டிக்கிட்டே வாராங்க. தெரிஞ்சவங்கன்னு நெனச்சு திண்டுக்கல்ல ஒருத்தர் ஜன்னல்கிட்ட வந்தே பேசிட்டாரு."

நீங்கள் காஞ்சிபுரம் இட்லித் தூக்கோடு படியிறங்கிக்கொண்டே சொன்னீர்கள். "வண்டில போறவங்களுக்கு இன்னா, போய்கினே இருக்காங்க. நிக்கறவங்களுக்குத்தான் யாராச்சும் கை காட்டணும்."

சொன்னபடியே அம்மாவின் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றீர்கள். இருவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதி புரியாமல் மூன்று நாள் ஓயாமல் பேசினீர்கள். புறப்படும்போது அம்மா அழுதாள், நீங்கள் அழவில்லை. உங்களுக்கு ஜன்னல் சீட்டைப் பிடிக்கிற அவசரம்.

பிறகு என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வீடு எடுத்ததும், வாரம் ஒருமுறை உங்களைப் பார்க்க வந்ததும் உங்களுக்குத் தெரியாததா. பாப்பா வயிற்றிலிருந்தபோது பிரசவத்துக்காக ஊருக்குப் புறப்பட்டேன். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தீர்கள். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் நின்றது நீங்கள். எனக்குத் திக்கென்றது. ஜன்னலில் முகத்தை வைத்து உங்களைத் தேடினேன். நீங்கள் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினீர்கள். வண்டி வளையும்வரை ஆட்டினீர்கள். உங்களை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

பாப்பா பிறந்த ஒன்பதாம் நாள் தயாளன் அண்ணன் போன் செய்தார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தீர்களாம், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் கிளம்ப முடியவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டேனே என்று பல மாதம் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

பாப்பாவோடு திரும்பி வந்து உங்கள் வீட்டுக்குப் போன அன்று, தயாளன் அண்ணன் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். கிருத்திகைக்குக் கிருத்திகை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவீர்களாம். ஒருநாள் மழை வந்ததென்று உங்களைக் கூட்டிவர அவர் கோயிலுக்குப் போனபோது, பஸ் ஸ்டாப்பில் நின்ற நீங்கள் வேறு பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துப் பைக்கில் பின்னாலேயே போயிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி டிக்கெட் வாங்கினீர்களாம். அவரும் அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

"சாமி கும்புட்டுட்டு நேரா ரயிலுதான் போல. வாலாஜாபாத்ல எறங்குச்சி" என்றார் அவர். "பெஞ்சுல குந்திகினு ஒரு பன்னு வாங்கித் துன்னுச்சி. நிதானமா, ஒரு துணுக்கு வுடாம. அப்பால எதுத்தாப்ல வந்த வண்டில ஏறி வூட்டுக்கு வந்துட்சி. இன்னா ஏதுன்னு நான் கேக்கவே இல்லம்மா. அது மூஞ்சியப் பாத்தேன், அவ்ளோ சந்தோசமா இருந்துச்சி. எதுக்குக் கெடுக்கணும்?"

உங்களுக்கு ஏழு வயதில் நடந்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். "அதான் என் தங்கச்சி கல்யாணத்துக்கு ரயிலு வேணாம்னு பஸ்ஸு வெச்சிதா" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குள் இருந்த அரிப்பு அடங்கிவிட்டது அக்கா. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் எங்கள் லைனில் முப்பது பேருக்கு லீடர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும் முன் ஏறி நின்று ஆட்களை எண்ணுவேன். டிரைவர் அலுத்துக்கொள்வார். ஊருக்குப் போகும்போது மட்டும் ஜன்னல் சீட் வேண்டுமென்று பாப்பாவோடு எனக்குச் சண்டை நடக்கும், பாப்பாவின் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். போன மாதம் செங்கல்பட்டில் வண்டி நின்று கிளம்பியது. பிளாட்பாரத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள், எங்கேயோ பார்த்தபடி. நான் கையை ஆட்டினேன். அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, அவளும் கையைத் தூக்கினாள்.